ஏன் இதை வாங்கினீர்கள்?
(நுகர்வோரின் விருப்பத்தைப் பேட்டியின் மூலம் அறிவது பற்றிய ஒரு சிறு ஆய்வு)

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

காலையில் பல் துலக்கும் பற்பசையில் தொடங்கி, இரவில் ஏற்றி வைக்கும் கொசுவர்த்திச் சுருள் வரை ஒரு நாளில் நாம் பயன்படுத்தும் பொருள்கள் எத்தனையோ! ஒவ்வொன்றிலும் கடையில் பத்து வகைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நாம் ஒன்றை எடுத்துக் கொண்டு ஒன்பதை விட்டுவிட்டு வருகிறோம். "ஏன் இதை எடுத்தாய்?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கும்" என்போம், அல்லது, "எங்க வீட்டுல எப்பவும் இதுதான்" என்போம். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் இந்தச் சிறிய கேள்விக்குப் பின்னால் பெரிய காரியங்கள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் எதைச் செய்வது, எந்த அளவில் அடைப்பது, என்ன விலை வைப்பது, எதை நிறுத்திவிடுவது என்பன போன்ற முடிவுகளை எடுக்கு முன் மக்களைப் பேட்டி காண்கின்றன. அந்தப் பதில்களைச் சரியாகப் புரிந்து கொண்டால் இரு சாராருக்கும் நன்மை. தவறாகப் புரிந்து கொண்டால் பண நட்டம் ஒருபுறம். மனிதர்களைப் பற்றித் தவறான எண்ணம் பரவுவது மறுபுறம். இரண்டாவது நட்டமே பெரியது என்பது இதைப் படித்தபோது நாங்கள் உணர்ந்த உண்மை.

ஒருவர் சொல்லும் காரணமும் அவர் பொருளை வாங்கிய காரணமும் ஒன்றுதானா? இல்லையெனில் உண்மைக் காரணத்தை எப்படி அறிவது? இக்கட்டுரையில் முதலில் பேட்டி காணும் முறையையும், பதில்களைப் பிரிக்கும் முறையையும் பார்ப்போம். பிறகு மேலைநாட்டில் நடந்த மூன்று உண்மை நிகழ்ச்சிகளைக் கண்டு, இறுதியில் நம் வீட்டு அடுப்படிக்கு வருவோம்.

கேட்கும் முறை

மக்களின் விருப்பத்தை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, வினாப்பட்டியல். அதில் விடைகளும் அச்சிடப்பட்டிருக்கும். பதில் சொல்பவர் ஒன்றைக் குறித்தால் போதும். எண்ணுவதற்கு இது எளிது. மற்றொன்று பேட்டி. இதில் கேள்வி மட்டும் நம்முடையது. பதில் முழுவதும் அவருடைய சொற்களிலேயே வரும். எண்ணுவதற்கு இது கடினம். ஆயினும் நாம் நினைத்தும் பார்க்காத ஒரு காரணம் வெளிவருமானால், அது பேட்டியில்தான் வெளிவரும். ஏனெனில், நாம் நினைத்துப் பார்க்காததை வினாப்பட்டியலில் எப்படி அச்சிட முடியும்?

பேட்டி காண்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. "இந்த சோப்பு நல்ல மணமாக இருப்பதால்தானே வாங்குகிறீர்கள்?" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். நம் மக்கள் வீடு தேடி வந்தவரை மறுத்துப் பேசத் தயங்குவார்கள். அந்த "ஆமாம்" மரியாதைக்காகச் சொன்னது, சோப்புக்காகச் சொன்னதன்று.

இரண்டாவது, நடக்கப் போவதைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. "இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்பதற்குக் கிடைக்கும் பதில் ஓர் ஆசை. "கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? அன்று கடையில் வேறு என்ன இருந்தது?" என்பதற்குக் கிடைக்கும் பதில் ஒரு செய்தி.

மூன்றாவது, யாரிடம் கேட்கிறோம் என்பது. ஒரு பொருளை வாங்குகிறவர்களிடம் மட்டும் கேட்டால் அதைப் பற்றி நல்லதே காதில் விழும். வாங்கிப் பார்த்துவிட்டு நிறுத்தியவர்களும், விலை எட்டாமல் வாங்கவே முடியாதவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களையும் தேடிச் சென்று கேட்க வேண்டும்.

பதில்களைப் பிரித்து எண்ணுதல்

பேட்டி முடிந்தவுடன் நம் கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வாக்கியங்கள். இவற்றை எப்படி எண்ணுவது? குளிக்கும் சோப்பைப் பற்றி இருபது பேரிடம் கேட்டதாக வைத்துக் கொள்வோம். பதில்கள் இவ்வாறு இருக்கலாம்:

"வாசனை நல்லா இருக்கு."
"சீக்கிரம் கரையாது, ரொம்ப நாள் வருது."
"பிள்ளைக்கு இதுதான் ஒத்துக்குது."
"எங்க அம்மா காலத்துல இருந்து இதுதான்."
"கடைக்காரர் இதைத்தான் எடுத்துக் கொடுத்தார்."
"விலை கட்டுப்படியாகுது."

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டும். மணம், உழைப்பு, உடல்நலம், பழக்கம், கிடைக்கும் வசதி, விலை என்று ஆறு தலைப்புகள் கொடுக்கலாம். இப்போது ஒரு சிக்கல் எழுகிறது. "ரொம்ப நாள் வருது" என்பது சோப்பின் தரத்தைப் பற்றிய பேச்சா, பணத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றிய பேச்சா? ஒருத்தி அதனை 'உழைப்பு' என்னும் தலைப்பில் போடுவாள். இன்னொருத்தி 'விலை' என்னும் தலைப்பில் போடுவாள். ஆகவேதான், ஆராய்ச்சியாளர்கள் ஒரே பதில்களை இருவரிடம் தனித்தனியே கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். பின்பு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். எங்கே இருவரும் வேறுபடுகிறார்களோ அங்கே தலைப்பின் பொருள் தெளிவாக இல்லை என்று அறிந்து, அதைத் திருத்தி எழுதுகிறார்கள்.

அடுத்து, கணக்கு. ஒருவரே இரண்டு காரணங்கள் சொல்லலாம் அல்லவா? இருபது பேர் சேர்ந்து முப்பது காரணங்கள் சொன்னதாகவும், அவற்றுள் எட்டுப் பேர் விலையைச் சொன்னதாகவும் கொள்வோம். 'நூற்றுக்கு 40 பேர் விலையைச் சொன்னார்கள்' என்பதும் சரி. 'சொல்லப்பட்ட காரணங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 27 விலையைப் பற்றியவை' என்பதும் சரி. முதற் கணக்கில் எட்டை இருபதால் வகுத்தோம்; இரண்டாவதில் முப்பதால் வகுத்தோம். எதனால் வகுத்தோம் என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்பவரை நம்பக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கும். 'விலை குறைவு' என்ற பதிலையே எடுத்துக் கொள்வோம். நம் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷாம்பூ போன்ற பொருள்களைச் சிறு சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்பதில் முன்னோடியாக விளங்கினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில், 'சிக்' ஷாம்பூவின் மூலம் சிற்றூர்களுக்கெல்லாம் பரவியது. அந்தச் சிறு பாக்கெட்டை வாங்கும் ஒரு பெண் "விலை குறைவு" என்று சொன்னால் அதன் பொருள் என்ன? அளவுக்கு ஏற்ற விலை குறைவு என்பதா? அன்றையக் கூலியில் அரிசி, பருப்பு வாங்கியது போக மீந்த சில்லறைக்கு இது கிடைக்கும் என்பதா? முதலாமவர் சிக்கனம் பார்க்கிறார். இரண்டாமவருக்குப் பெரிய புட்டியை வாங்கக் கையில் மொத்தப் பணம் இல்லை. இருவரையும் 'விலை' என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால், ஏழையின் நிலை அட்டவணைக்குள் மறைந்து போகும்.

காப்பித் தூளும் இரண்டு பட்டியல்களும்

இனி, உண்மை நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். வெந்நீரில் கரைத்தவுடன் காப்பியாகிவிடும் நெஸ்காபே என்னும் தூளை நெஸ்லே நிறுவனம் 1938இல் சுவிட்சர்லாந்தில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்க நாட்டில் அது விற்பனைக்கு வந்தபோது, இல்லத்தரசிகள் பலர் அதை வாங்க விரும்பவில்லை. "இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று பேட்டியில் கேட்டார்கள். "சுவை பிடிக்கவில்லை" என்று பெரும்பாலோர் சொன்னார்கள்.

சாதாரணமாக ஆராய்ச்சி இத்துடன் முடிந்திருக்கும். 'சுவையைத் திருத்துக' என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மேசன் ஹேர் என்னும் உளவியல் அறிஞருக்கு இந்தப் பதில் போதவில்லை. பிறரைக் குறை சொல்லாமலும், தம் மனத்தைத் திறந்து காட்டாமலும் எளிதில் சொல்லக் கூடிய பதில் 'சுவை' என்பதே என அவர் ஐயுற்றார். எனவே ஒரு புதிய வழியைக் கண்டார்.

அவர் கடைக்குப் போவதற்கான சாமான் பட்டியல்கள் இரண்டைத் தயாரித்தார். கொத்திய இறைச்சி, ரொட்டி, காரட், பேக்கிங் பவுடர், டப்பாவில் அடைத்த பீச் பழம், உருளைக்கிழங்கு ஆகியவை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. காப்பியில் மட்டுமே வேறுபாடு. ஒரு பட்டியலில் நெஸ்காபே; மற்றதில் வடிகட்டிப் போடும் மாக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித் தூள். ஐம்பது பெண்களிடம் முதற் பட்டியலையும், வேறு ஐம்பது பெண்களிடம் இரண்டாம் பட்டியலையும் கொடுத்தார். "இந்தப் பட்டியலை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்" என்றார். இன்னொரு பட்டியல் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

1950இல் அவர் வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டுவன. நெஸ்காபே பட்டியலைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 48 பேர் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று எழுதினார்கள். மாக்ஸ்வெல் ஹவுஸ் பட்டியலைப் பார்த்தவர்களில் அவ்வாறு எழுதியவர்கள் நூற்றுக்கு 4 பேரே. 'வீட்டுச் செலவைத் திட்டமிடத் தெரியாதவர்' என்று எழுதியவர்கள் முதற் கூட்டத்தில் 48 விழுக்காடு. இரண்டாவதில் 12 விழுக்காடு. 'நல்ல மனைவி அல்லர்' என்று முதற் கூட்டத்தில் 16 விழுக்காட்டினர் எழுதினர். இரண்டாவதில் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை.

தோழியரே, ஒரு கரண்டி காப்பித் தூளுக்காக, கண்ணால் காணாத ஒரு பெண்ணின் குணத்தையே தீர்மானித்துவிட்டார்கள்! இதிலிருந்து ஹேர் அறிந்தது யாதெனில், பலர் அந்தத் தூளை ஒதுக்கியதற்குச் சுவை மட்டும் காரணமன்று. அதை வாங்கினால் பிறர் தம்மை என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் உள்ளே இருந்தது. அந்தப் பெண்ணைக் குறைவாக எழுதியவர்களின் வீட்டு அலமாரிகளில் அந்தத் தூள் இருப்பதும் ஒப்பீட்டளவில் குறைவாகவே இருந்தது.

இந்த வரலாற்றுக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1968இல், வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தனர். 1970இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, பழைய வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. அதற்குள் உடனடிக் காப்பி எல்லாருக்கும் பழகிப் போயிருந்தது. ஆகவே பேட்டியின் முடிவுகளுக்கும் ஆண்டு உண்டு. எந்த ஆண்டில், எந்த ஊரில் கேட்டது என்று குறிப்பிடாத முடிவு, தேதியில்லாத கடிதம் போன்றது.

நான்கு ஜோடிக் காலுறைகள்

மேற்கண்ட பெண்களுக்குத் தம் மனத்தில் இருந்தது ஓரளவாவது தெரிந்திருக்கலாம், சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். ஆனால் காரணம் தமக்கே தெரியாமல் இருப்பதும் உண்டா? உண்டு என்கிறார்கள் ரிச்சர்டு நிஸ்பெட், திமோதி வில்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள். அவர்களுடைய கட்டுரை 1977இல் வெளிவந்தது.

அவர்கள் ஒரு கடையில் மேசை போட்டு நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்தார்கள். அவ்வழியே வந்த 52 பேரிடம், "இவற்றில் எது தரமானது? ஏன்?" என்று கேட்டார்கள். இடக் கோடியில் இருந்ததை 12 விழுக்காட்டினர் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்ததை 17 விழுக்காட்டினர். அதற்கடுத்ததை 31 விழுக்காட்டினர். வலக் கோடியில் இருந்ததை 40 விழுக்காட்டினர். காரணம் கேட்டபோது நெசவு, மென்மை, நேர்த்தி என்று பலவாறு சொன்னார்கள்.

உண்மை என்னவென்றால், நான்கு ஜோடிகளும் ஒரே மாதிரியானவை! தரத்தில் இம்மியளவும் வேறுபாடு இல்லை. வைக்கப்பட்ட இடம்தான் தேர்வை மாற்றியது. ஆனால் இடத்தை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. "வலப்பக்கம் இருந்ததால் எடுத்திருப்பீர்களோ?" என்று நேராகவே கேட்டபோதும், ஏறக்குறைய எல்லாரும் "இல்லவே இல்லை" என்றார்கள். கேள்வி கேட்டவரைச் சற்று விநோதமாகவும் பார்த்தார்களாம்.

இவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. காரணம் கேட்டவுடன், நல்ல காலுறைக்கு எது பொருத்தமான காரணமோ அதை அவர்களுடைய அறிவு உடனே எடுத்துக் கொடுத்துவிட்டது. அவர்களும் அதை மனமார நம்பினார்கள். ஆகவே பேட்டி காண்பவர் சொல்லைக் கேட்பதோடு செயலையும் பார்க்க வேண்டும். பொருள்களின் இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தால் தேர்வும் மாறுகிறதா? மாறினால் காரணம் பொருளில் இல்லை, மேசையில் இருக்கிறது. நம் ஊர்ப் பெரிய அங்காடிகளில் எந்தப் பொருள் கண்ணுக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறது, எது குனிந்து எடுக்க வேண்டிய தட்டில் இருக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள்.

கேட்கப்படாத கேள்வி

மூன்றாவது நிகழ்ச்சி குளிர்பானத்தைப் பற்றியது. 1980களில் அமெரிக்காவில் பெப்சி பானம் கோகோ கோலாவுக்குக் கடும் போட்டியாக விளங்கியது. கோகோ கோலா நிறுவனத்தார் இனிப்பு மிகுந்த ஒரு புதிய கலவையைத் தயாரித்து, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்குக் கொடுத்துச் சுவைக்கச் செய்தனர். பழையதைவிடப் புதியதே நன்று என்று பெரும்பாலோர் கூறினர். இத்தனை பேரைக் கேட்ட பிறகு ஐயம் ஏது? 1985 ஏப்ரல் 23ஆம் நாள் புதிய பானத்தை வெளியிட்டு, பழையதை நிறுத்திவிட்டார்கள்.

மக்கள் கொதித்தெழுந்தனர். முன்பு நாளொன்றுக்கு நானூறு தொலைபேசி அழைப்புகள் வந்து கொண்டிருந்த நிறுவனத்துக்கு, ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு வந்தன. ஜூலை 11ஆம் நாள் பழைய பானத்தைத் திரும்பக் கொண்டு வருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. இடையில் சென்றது 79 நாள்களே.

இரண்டு லட்சம் பேரும் பொய் சொல்லவில்லை. கோப்பையில் இருந்த இரண்டில் எது சுவையானது என்ற கேள்விக்கு உண்மையான பதிலையே சொன்னார்கள். ஆனால், "இது வந்தால் பழையது இனிக் கிடைக்காது, சம்மதமா?" என்பதை அந்தச் சுவைச் சோதனை கேட்கவில்லை. சிறு வயது முதல் குடித்தது, குடும்பத்தோடு கூடிய நாள்களில் குடித்தது என்ற உறவெல்லாம் ஒரு மிடறு சுவையில் எப்படி அகப்படும்? பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தரும்.

நம் வீட்டு அடுப்படியில்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள், நமக்கென்ன என்று தோன்றலாம். காப்பித் தூளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாக்கெட் இட்லி மாவை வைத்துப் பாருங்கள்! நமக்கும் அந்தக் கதைக்கும் இடையே தூரம் இல்லை என்பது புரியும்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாரை, அவர் அனுமதியுடன், பேட்டி கண்டோம். அவர் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் குறிப்புப் புத்தகத்தில் உள்ளபடியே தருகிறோம்.

"கடையில பாக்கெட் மாவு வாங்குவீங்களா, அம்மா?"
"எப்பவாவதுதான்மா. நமக்கு அதெல்லாம் பழக்கம் இல்ல."
"கடைசியா எப்ப வாங்குனீங்க?"
(சிரிக்கிறார்.) "நேத்து."
"நேத்து ஏன் வாங்குனீங்க?"
"நேரம் இல்ல. வேற என்ன?"
"அரைக்கிற நேரம் மிச்சமானா உங்களுக்கு என்ன வசதி, அம்மா?"
(சற்று யோசிக்கிறார்.) "கிரைண்டர்ல போட்டு, வழிச்சு, கழுவி வைக்கிறதுக்குள்ள ராத்திரி பத்து மணி ஆயிடும். இவ அந்த நேரத்துலதான் கணக்குப் போடுவா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தா அவளுக்கு ஒரு தைரியம். எனக்குக் கணக்குத் தெரியாது, சும்மா உட்கார்ந்திருப்பேன்."

இந்தச் சிறிய பேட்டியில் நாம் இதுவரை படித்தவை யாவும் அடங்கியிருக்கின்றன. 'எப்பவாவதுதான்' என்ற முதற் பதில், 1950ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் சொன்ன 'சுவை பிடிக்கவில்லை' என்பதன் தங்கை. நம்மைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற அதே அச்சம்தான் அதிலும் பேசுகிறது. 'கடைசியாக எப்போது?' என்று நடந்ததைக் கேட்டவுடன் உண்மை வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு பதிலையும் படியாகக் கொண்டு 'அதனால் என்ன?' என்று ஏறிச் செல்வதை ஏணி முறை என்கிறார்கள். தாமஸ் ரெனால்ட்ஸ், ஜோனதன் கட்மன் என்னும் ஆய்வாளர்கள் 1988இல் இம்முறையை விரிவாக விளக்கி எழுதினார்கள். முதற் படி, பொருளின் தன்மை: அரைத்த மாவு. இரண்டாம் படி, அதன் பயன்: நேரம் மிச்சம். மூன்றாம் படி, அவர் மனத்தில் மதிப்பது: மகளின் அருகே இருத்தல்.

முதற் படியிலேயே நின்று 'வசதி' என்று எழுதிக் கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரேனும் அதைப் படித்துவிட்டு, 'இக்காலப் பெண்கள் வசதியைத் தேடுகிறார்கள்' என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பார்கள். அந்தத் தாயின் பத்து மணி யாருக்கும் தெரிந்திராது.

ஒரு தாயின் பதிலைக் கொண்டு ஊரில் உள்ள தாய்மார் எல்லாரும் இப்படித்தான் என்று கூறலாகாது. ஒரு பேட்டி ஒரு காரணம் இருப்பதைக் காட்டும். அது எத்தனை பேருக்குக் காரணம் என்பதைப் பலரைக் கேட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டும். அதேபோல, வீட்டிலேயே மாவரைக்கும் தாய்க்கும் அவருடைய காரணம் உண்டு. மாமியாருக்குக் கடை மாவு ஒத்துக்கொள்ளாது என்பதாக அது இருக்கலாம். மாதக் கடைசியில் பாக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதாகவும் இருக்கலாம். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்துவது ஆய்வாளரின் வேலை அன்று.

நினைவில் கொள்ள வேண்டியவை

பேட்டி கண்டு ஆராய விரும்பும் தோழியருக்காக, சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

1. அனுமதி பெற்ற பின்பே கேள்வி கேட்க வேண்டும். பெயரை எழுதாமல் எண் கொடுத்துக் கொள்ளலாம்.
2. பதிலை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். அழகுபடுத்தி எழுதினால் பொருள் மாறிவிடும்.
3. பதிலைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. நடந்ததைக் கேட்க வேண்டும்.
4. வாங்குபவர், வாங்கி நிறுத்தியவர், வாங்க இயலாதவர் ஆகிய மூவகையினரையும் கேட்க வேண்டும்.
5. பதில்களுக்கு இருவர் தனித்தனியே தலைப்பிட்டு, பின் ஒப்பிட வேண்டும்.
6. விழுக்காடு சொல்லும்போது எத்தனை பேரில் என்பதையும், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதையும் சொல்ல வேண்டும்.
7. சொல்லும் செயலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்திராவிட்டால், பொய் என்று முடிவு கட்டாமல் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

முடிவுரை

1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை எடுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று, தம் கருத்தைக் கேட்கச் செய்யும் உரிமை. நம் நாட்டிலும் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. சட்டம் நம் குறையைக் கேட்க வழி செய்கிறது. ஆனால் ஒருவரின் காரணத்தை முழுவதுமாகக் கேட்கும் பொறுமையை எந்தச் சட்டமும் நமக்குத் தந்துவிட முடியாது. அதை நாமேதான் பழகிக் கொள்ள வேண்டும்.

வருங்காலத்தில் நம்மில் சிலர் வணிகவியல் படிக்கலாம். சிலர் பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்து, ஆயிரக்கணக்கானவர்களின் பதில்களைக் கணிப்பொறியில் இட்டு எண்ணலாம். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். கேட்பவராயினும் சொல்பவராயினும், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாதிருப்போம்.

வரும் கோடை விடுமுறையில் உங்கள் தெருவில் ஐந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். ஒரே ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். முதற் பதிலை எழுதிக் கொண்டு, நோட்டை மூடாமல், இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். முதல் வீடு உங்கள் சொந்த வீடாகவே இருக்கட்டும்.